ஸ்பெயின் பயணக் குறிப்புகள், ஆறாம் நாள்: செவில் நகரில் ஒரு தவக்கால வெள்ளி

பேராலயத்தையும் அல்காசார் அரண்மனையையும் நேற்று ஒரே நாளில் பார்த்து முடித்ததில் கால் ஓய்ந்துபோயிற்று. ஆகையால் இன்றைய பொழுதை ஓவியங்களுக்கும், சிறு தட்டுகளில் பண்டம் தரும் தாப்பாஸ் கடைகளுக்கும் மட்டுமே கொடுப்பது என்று நேற்றைய குறிப்பின் முடிவில் எழுதியிருந்தேன். அந்த உறுதியில் பெரும்பாலும் நின்றேன். ஒரேயோர் இடத்தில் வழுவினேன். அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு விடுதிக்கு எதிரே இருக்கும் சிறிய கடையில் தொஸ்தாதாவும் பால் காப்பியும் வாங்கிக்கொண்டேன். வாட்டிய ரொட்டியின்மேல் துருவிய தக்காளியைப் பரப்பி, ஆலிவ் எண்ணெயை ஊற்றி, உப்புத் தூவித் தருவதற்குத்தான் இந்தப் பெயர். பிறந்ததிலிருந்து சைவ உணவே உண்டு வளர்ந்து, முட்டையை மட்டும் நாற்பது வயதுக்குமேல் பழகிக்கொண்ட என்னைப் போன்ற ஒருத்திக்கு, ஸ்பெயினில் யாரிடமும் எதையும் விசாரிக்காமல் உண்ணக்கூடிய ஒரே வேளை காலை வேளைதான். மற்ற வேளைகளில் கேள்வியும் பதிலும் இல்லாமல் தட்டு வராது.

அருங்காட்சியகத்துக்கு இருபது நிமிட நடை. செவிலின் தெருக்களில் இரு பக்கமும் நிற்பவை ஆரஞ்சு மரங்கள். மார்ச் மாதமாகையால் பழங்களைப் பெரும்பாலும் பறித்துவிட்டார்கள்; எஞ்சிய சில பழங்களுக்கு நடுவே வெள்ளைப் பூக்கள் விரியத் தொடங்கியிருக்கின்றன, அந்த வாசனை தெருவின் திருப்பத்திலெல்லாம் நம்மை எதிர்கொள்கிறது. வந்த அன்றே ஆர்வம் தாங்காமல், கீழே கிடந்த ஒரு பழத்தை உரித்து ஒரு சுளையை வாயில் போட்டுப் பார்த்தேன். புளிப்பும் கசப்புமாக அப்படியே நாரத்தங்காய்! உள்ளூர்க்காரர்கள் அதை உண்பதில்லை. பழப்பாகு செய்வதற்காக ஆங்கிலேயர்கள்தாம் இதை நெடுங்காலமாக வாங்கிவருகிறார்கள். ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்கு ‘நரான்ஹா’ என்று பெயர். அரபியின் ‘நாரஞ்ச்’, பாரசீகத்தின் ‘நாரங்’, வடமொழியின் ‘நாரங்க’ என்று பின்னோக்கிப் போகும் அந்தச் சொல்லின் வேர் நம் நாரத்தையில் இருப்பதாக மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். என் நாக்கு அந்த ஆராய்ச்சியை ஒரே சுளையில் முடித்துவிட்டது.

செவில் நுண்கலை அருங்காட்சியகம் முன்பு மெர்சிடேரியத் துறவிகளின் மடமாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கட்டடம்; முற்றங்களும் நீலமும் மஞ்சளுமான ஓடு பதித்த சுவர்களுமாக, ஓவியம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் உட்கார்ந்திருக்கத் தோன்றும் இடம். 1830களில் ஸ்பானிய அரசு மடங்களின் சொத்துகளைக் கைப்பற்றியபோது, அவற்றிலிருந்து வந்த ஓவியங்களை வைத்துக்கொள்ள 1835-இல் இந்த அருங்காட்சியகம் உருவாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை, நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்றரை யூரோ. காலையில் குடித்த காப்பியின் விலைதான் அது. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தின் வாசலில் நின்ற வரிசையை நினைத்துக்கொண்டே வந்தவளுக்கு, இங்கே எனக்கு முன்னால் இரண்டே பேர் நின்றது வியப்பாக இருந்தது.

இங்கே ஓவியர் வெலாஸ்கெஸைத் தேடி வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். 1599-இல் இதே நகரில் பிறந்த அவர் 1623-இல் அரசவை ஓவியராக மாட்ரிட் போய்விட்டார்; பெரும்பாலான ஓவியங்களும் அங்கேதான் இருக்கின்றன. பிறந்த ஊருக்கு எஞ்சியவை ஓரிரண்டே. எனக்கு அதில் குறையில்லை. நான் பார்க்க வந்தது அவர் காலத்து ஓவியரான சுர்பரானை.

‘உணவுக்கூடத்தில் புனித ஹியூகோ’ என்ற அந்த ஓவியத்தின் முன்னால் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் இருந்தேன். பத்தடி அகலம் இருக்கும். செவிலின் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த கார்த்தூசிய மடத்துக்காக வரைந்தது. கதை இதுதான்: 1084-இல் அந்தத் துறவறச் சபையைத் தொடங்கிய புரூனோவுக்கும் அவருடைய ஆறு தோழர்களுக்கும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்று, கிரெனோபிள் நகரத்து ஆயர் ஹியூகோ உணவாக இறைச்சியை அனுப்பி வைக்கிறார். இதை உண்பதா, புலாலை என்றென்றைக்குமாக விலக்குவதா என்று எழுவரும் வாதிடத் தொடங்கி, வாதத்தின் நடுவிலேயே அமர்ந்த இடத்தில் உறங்கிப்போகிறார்கள். நாற்பத்தைந்து நாள் கழித்துப் புனித வாரத்தில் ஆயர் நேரில் வந்து பார்க்கும்போது அவர்கள் விழிக்கிறார்கள். இன்னும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயர் தட்டைப் பார்க்கிறார், இறைச்சி சாம்பலாகிறது. கார்த்தூசியர்கள் அன்றிலிருந்து புலால் உண்பதில்லை என்பது மரபு.

முட்டை சைவமா அசைவமா என்று எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நடந்த வாதமும் கேட்டவர்கள் உறங்கிப்போகும் அளவுக்கு நீண்டதுதான். ஆனால் இங்கே எவரும் வாதிடவில்லை. சுர்பரான் அற்புதத்தை வரையாமல் அதற்குப் பின் வந்த அமைதியை வரைந்திருக்கிறார். வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னே வெள்ளை அங்கியணிந்த எழுவரும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள்; ஒவ்வொருவர் முன்னும் ஒரு ரொட்டி, ஒரு தட்டு; இடையிடையே நீலக் கோடுகள் தீட்டிய வெள்ளைப் பீங்கான் குடுவைகள். வலப்பக்கத்தில் முதுமையால் குனிந்த ஆயர், அவருக்கு முன்னே ஒரு சிறுவன். வெள்ளைக்குள் இத்தனை வெள்ளைகளா என்று வியக்கும்படி, துணிக்கு ஒரு வெள்ளை, கம்பளி அங்கிக்கு ஒரு வெள்ளை, பீங்கானுக்கு ஒரு வெள்ளை, ரொட்டியின் உட்புறத்துக்கு இன்னொரு வெள்ளை. தட்டிலிருக்கும் இறைச்சிதான் மங்கலாகத் தெரிகிறது. தாங்கள் இனி உண்ணப்போவதில்லை என்று முடிவாகிவிட்ட ஒன்றை அந்த மனிதர்கள் எவ்வளவு அடக்கமாகப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக் காவலராக இருந்த அம்மையார் இரண்டு முறை கடந்துபோய், மூன்றாம் முறை வந்தபோது, அங்கே கிடந்த இருக்கையைக் கையால் சுட்டிக்காட்டி உட்காரச் சொன்னார்.

மடத்தின் பழைய தேவாலயம்தான் இப்போது செவில் ஓவியர் முரீயோவின் கூடம். குவிமாடமும் சுவரோவியங்களும் அப்படியே இருக்க, பலிபீடம் இருந்த இடத்திலும் சுவர்களிலும் அவருடைய ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. செவிலின் கப்புச்சின் மடத்துக்காக 1660களில் அவர் வரைந்த வரிசை இங்கே இருப்பதற்கு அந்தத் துறவிகளின் முன்யோசனைதான் காரணம். 1810-இல் நெப்போலியனின் படை செவிலுக்குள் நுழைந்தபோது, பிரெஞ்சுக்காரர்களிடம் கடைசிவரை வீழாத காதிஸ் துறைமுகத்துக்கு இவற்றை அனுப்பிவிட்டார்கள். மற்ற மடங்கள் அப்படிச் செய்யவில்லை. அவற்றின் ஓவியங்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிற்பகலில் வேறோர் இடத்தில் பார்த்தேன்.

இங்குள்ளவற்றில் மிகச் சிறியது ‘கைத்துடைப்புத் துணி மாதா’. இரண்டடிக்குச் சற்றே கூடுதலான சதுரம். முரீயோவுக்கு உணவு பரிமாறிவந்த மடத்துச் சமையல்காரத் துறவி, தனக்கென்று ஒரு படம் வேண்டும் என்று கேட்க, கையருகே துணி இல்லாததால் உணவு மேசையில் கிடந்த கைத்துடைப்பிலேயே வரைந்து கொடுத்தார் என்பது கதை. உண்மையில் அது சாதாரணமான ஓவியத் துணிதான் என்கிறார்கள். உண்மை எதுவாயினும், சமையற்காரருக்குக் கூலியாகக் கொடுத்த ஓவியம் என்ற கதை அந்தப் படத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. தாயின் கையிலிருந்து பாதி வெளியே தாவி, பார்க்கிறவரை நோக்கி வரும் அந்தக் குழந்தை சமையலறை வாசலில் யாரோ வரும் ஓசை கேட்டுத் திரும்பியதைப் போலவே இருக்கிறது. பக்கத்துச் சுவரில் ‘வில்லநுவேவாவின் புனித தோமா பிச்சையளித்தல்’. முரீயோ இதை மட்டும் ‘என் ஓவியம்’ என்று சொல்லிக்கொள்வாராம். ஆயரின் முன் முதுகு காட்டி மண்டியிட்டிருக்கும் பிச்சைக்காரரை எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது இடப்பக்க மூலையில், கிடைத்த காசைத் தாயிடம் காட்டிக்கொண்டிருக்கும் சிறுவனை.

கீழ்த்தளத்தில் தொரிஜானோ என்ற இத்தாலியச் சிற்பியின் சுடுமண் சிற்பம், கையில் கல்லோடு முழந்தாளிட்டு நிற்கும் புனித ஜெரோம். இளம் வயதில் மைக்கலாஞ்சலோவின் மூக்கை உடைத்தவர் என்பதுதான் இந்தச் சிற்பிக்கு இன்றும் எஞ்சியிருக்கும் புகழ். அது நியாயமில்லை என்பது இந்தக் கிழவரின் கழுத்து நரம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1528-இல் செவிலிலேயே, சமய விசாரணை மன்றத்தின் சிறையில் அவர் இறந்தார். பேசிய கூலியைக் கொடுக்காத பிரபுவின் மேலிருந்த கோபத்தில் தான் செய்த மாதா சிலையைத் தானே உடைத்ததற்காகப் பிடிபட்டு, உணவை மறுத்து உயிர்விட்டதாக, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுக் கூடங்களை விரைவாகக் கடந்தேன். புகையிலை ஆலைப் பெண்கள் வேலைக்கு நடுவே பிள்ளைக்குப் பால் கொடுக்கும் கொன்சாலோ பில்பாவோவின் பெரிய ஓவியம் மட்டும் நிறுத்தியது. அந்த ஆலையின் கட்டடம் இப்போது செவில் பல்கலைக்கழகம்.

வழுவிய இடம் இனி வருகிறது. உணவுக்கு இரண்டு மணியாகும். அதற்கு முன் எந்தக் கடையிலும் அடுப்பு சூடாவதில்லை. பேராலயத்துக்குப் பக்கத்திலிருக்கும் இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகத்தில் கட்டணம் கிடையாது என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டேன். வணிகர்கள் பேராலயத்தின் படிக்கட்டிலேயே பேரம் பேசிவந்ததைத் தவிர்க்க இரண்டாம் பிலிப் கட்டச்சொன்ன சந்தை மாளிகை இது. மூன்றாம் கார்லோஸ் 1785-இல் இதை ஸ்பானியப் பேரரசின் கடல்கடந்த நாடுகளுடைய ஆவணங்களுக்கான இடமாக்கினார். சுமார் 43,000 கட்டுகள், எட்டுக் கோடிப் பக்கங்கள். ‘இந்தியத் தீவுகள்’ என்ற பெயரே கொலம்பஸின் தவறுதான். இந்தியாவிலிருந்து வந்தவள் அந்தப் பெயர்ப்பலகையின்கீழ் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன். பளிங்குப் படிக்கட்டும் நீண்ட கூடமும் அழகுதான். ஆனால் பார்வையாளர்களுக்குப் பெட்டிகளின் முதுகைத் தவிர அதிகம் கிடைப்பதில்லை, ஆய்வாளர்கள் அமர்ந்து படிப்பது எதிர்க் கட்டடத்தில். இருபது நிமிடத்தில் வெளியே வந்தேன். தக்காளியும் மிளகாயும் முதன்முதலாக ஐரோப்பாவுக்கு வந்திறங்கிய வணிகத்தின் கணக்கு வழக்கெல்லாம் இதற்குள் இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் பசியைக் கூட்டியது.

அரேனால் பகுதியில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். தாப்பாஸ் என்பது ஒரு பண்டத்தின் பெயர் அன்று, அளவின் பெயர். அதே பண்டத்தைச் சிறு தட்டில் கேட்டால் தாப்பா, நடுத்தரத் தட்டில் கேட்டால் மேதியா ரசியோன், பெரிய தட்டில் கேட்டால் ரசியோன். ‘தாப்பார்’ என்றால் மூடுதல். ஈ விழாமலிருக்க மதுக் கோப்பையின்மேல் ஒரு துண்டு ரொட்டியை வைத்து மூடியதிலிருந்து வந்த பெயர் என்று ஒரு கதை உண்டு. கிரனாடாவில் ஒரு கோப்பை வாங்கினால் தாப்பா ஒன்று இலவசமாக வரும். செவிலில் ஒவ்வொன்றுக்கும் காசு. ஆனால் தனியே பயணம் செய்யும் ஒருத்திக்கு இதைவிட உகந்த ஏற்பாட்டை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. மேசையில் தனியே அமரும் பெண்ணை எதிரிலிருக்கும் காலி நாற்காலி எந்நேரமும் உறுத்திக்கொண்டிருக்கும். தாப்பாஸ் கடையில் முகப்பு மேடையை ஒட்டி நின்றால் அந்த நாற்காலியே இல்லை. நின்றுகொண்டு தின்னாதே என்று அம்மா சிறு வயதில் சொல்லிச் சொல்லி வளர்த்தது மட்டும் முதல் இரண்டு நாள் குத்திக்கொண்டிருந்தது.

குடிப்பதற்கு ‘மன்சனீயா’ என்றேன். மாட்ரிட் விடுதியில் இரவு தோறும் இதே சொல்லைச் சொல்லிச் சாமந்தி வகைப் பூ போட்ட சூடான தேநீரைக் குடித்து வந்தவள் நான். இங்கே வந்ததோ குளிர்ந்த கண்ணாடிக் கோப்பையில் வெளிர்மஞ்சள் நிற மது. ஆற்றின் முகத்துவாரத்திலிருக்கும் சன்லூக்கார் ஊரில் செய்யும் அந்த மதுவுக்கும் அந்தப் பூவுக்கும் பெயர் ஒன்றுதான் என்பதும், நண்பகலில் செவில் கடையில் சொன்னால் எது வரும் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு மிடறு குடித்துப் பார்த்தேன். இனிப்பே இல்லாமல், உப்புக்காற்று நாக்கில் பட்டாற்போல இருந்தது.

அடுத்த பிழையும் என்னுடையதுதான். தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கெட்டியாக அரைத்துக் குளிரவைத்த சல்மொரேஹோவை, இறைச்சி வேண்டாம் என்று சொல்லிக் கேட்டேன். மேலே அவித்த முட்டைத் துருவலோடு பன்றித் தொடையின் சிறு துண்டுகளும் தூவப்பட்டு வந்தது. இந்த நாட்டில் ‘இறைச்சி’ என்ற சொல்லுக்குள் பன்றித் தொடையான ‘ஹமோன்’ அடங்காது என்பதைப் பயணம் தொடங்குமுன்பே படித்திருந்தும் மறந்துவிட்டேன். இறைச்சி வேண்டாம், ஹமோன் வேண்டாம், சூரைமீன் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியே சொல்ல வேண்டும். மேடைக்குப் பின்னாலிருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, “கவலைப்படாதீர்கள், மியார்மா” என்று சொல்லிவிட்டு வேறொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். ‘என் உயிரே’ என்பதன் செவில் வழக்கு அது. நம் ஊரில் காய்கறிக்கார அம்மா எல்லோரையும் ‘கண்ணு’ என்பதைப் போல, இங்கே அறிந்தவர் அறியாதவர் எல்லோரும் மியார்மாதான்.

பிறகு கத்தரிக்காயை மெல்லியதாக நறுக்கி, மாவில் புரட்டிப் பொரித்து, கரும்புப் பாகை மேலே ஊற்றிய தட்டு வந்தது. கத்தரிக்காய்க்கு ‘பெரென்ஹேனா’ என்று பெயர். இதுவும் அரபி, பாரசீகம், வடமொழி வழியாகப் பின்னே போகும் சொல். அதன் மூலத்தை நம் பழந்தமிழின் வழுதுணங்காயோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. பெயர் இத்தனை தொலைவு வந்து உருமாறிவிட்டாலும், பொரித்த கத்தரிக்காயின் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு வெண்ணெயாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தில் இரு நாட்டுக்கும் வேற்றுமை இல்லை. பாகு வேண்டியதில்லை என்பது என் கட்சி.

நான்கு மணிக்கு அங்கிருந்து ஐந்து நிமிட நடையிலிருக்கும் கரிதாத் மருத்துவமனைக்குப் போனேன். இன்றைய நாளில் ஓரிடத்தை மட்டும் பார்க்க முடியும் என்று யாரேனும் சொல்லியிருந்தால் நான் இதையே தேர்ந்திருப்பேன். 1649-இல் வந்த கொள்ளைநோயில் செவில் நகரம் தன் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை இழந்தது. தூக்கிலிடப்பட்டவர்களையும் ஆற்றில் மூழ்கியவர்களையும் எடுத்து அடக்கம் செய்துவந்த ஒரு சகோதர சபை, 1663-இல் மிகேல் மஞாரா என்ற செல்வர் தலைமையேற்றபின் ஏழைகளுக்கான மருத்துவமனையையும் இந்தத் தேவாலயத்தையும் கட்டி முடித்தது. உலகில் வாழ்ந்தவர்களிலேயே மிக மோசமான மனிதனின் எலும்பும் சாம்பலும் இங்கே கிடக்கின்றன என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர் மஞாரா. இன்றும் இது முதியோருக்கான இல்லம். முற்றத்தில் நாம் ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் உணவு வண்டி உருளும் ஓசை கேட்கிறது.

தேவாலயத்தில் நுழைந்ததும் வால்தேஸ் லெயாலின் இரண்டு ஓவியங்கள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஒன்றில், சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிய எலும்புக்கூடு மணிமுடிகளுக்கும் புத்தகங்களுக்கும் நடுவே மெழுகுவர்த்தியை அணைக்கிறது. மற்றொன்றில், ஆயர் ஒருவரும் வீரர் ஒருவரும் பெட்டிக்குள் அழுகிக்கொண்டிருக்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இதைப் பார்க்க வேண்டும் என்று முரீயோ சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. மதிய உணவுக்குப் பின் அதைப் பார்ப்பது குறித்து எனக்கும் சில கருத்துகள் உண்டு.

உள்ளே போனால் முரீயோ. இரக்கச் செயல்கள் ஏழு என்பது கத்தோலிக்க மரபு. அவற்றில் ஆறை முரீயோ வரைந்தார்; இறந்தோரை அடக்கம் செய்தல் என்ற ஏழாவதைப் பெத்ரோ ரொல்தான் பலிபீடத்தில் சிற்பமாக வைத்தார். ஆறில் நான்கை பிரெஞ்சுத் தளபதி சூல்த் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் எடுத்துச் சென்ற முரீயோக்களில் இன்னொன்றான அமல உற்பவ மாதா, அவருக்குப்பின் 1852-இல் பாரிஸில் ஆறு லட்சம் பிராங்குக்குமேல் ஏலம் போய் லூவர் அருங்காட்சியகத்துக்குச் சென்று, 1941-இல்தான் ஸ்பெயின் திரும்பியது. கரிதாத்தின் நான்குக்கும் அந்தத் திரும்புதல் வாய்க்கவில்லை. நோயாளியைப் பார்த்தல் இப்போது லண்டனில். சிறைப்பட்டவரை மீட்டல் பீட்டர்ஸ்பர்க்கில். ஆடையற்றவருக்கு ஆடை கொடுத்தல் வாஷிங்டனில். வழிப்போக்கருக்கு இடமளித்தல் கனடாவின் ஒட்டாவாவில். அவற்றின் இடங்களில் இங்கே நகல்கள் தொங்குகின்றன, நகல் என்று அறிவிப்போடு.

எஞ்சியவை இரண்டு. உயரத்தில், எதிரெதிர்ச் சுவர்களில், மிகப் பெரிய அகலத்தில் இருப்பவை: ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு கூட்டத்துக்கு உணவளிப்பது ஒன்று, மோசே பாறையிலிருந்து நீர் வரவழைப்பது மற்றொன்று. பசித்தோருக்கு உணவும் தாகமுற்றோருக்கு நீரும் ஆகிய இரண்டு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டன. நான் நீரின் ஓவியத்தையே அதிகம் பார்த்தேன். மோசே நடுவில் நிற்கிறார். ஆனால் முரீயோவின் கண் அவர்மேல் இல்லை. ஓடையருகே குடத்தோடும் சட்டியோடும் முண்டியடிக்கும் கூட்டத்தில் ஒரு தாய் தான் முதலில் குடிக்கிறாள், மடியிலிருக்கும் பிள்ளை கிண்ணத்துக்குக் கை நீட்டுகிறது. கோடையில் தெருக்குழாயடியில் நின்றவர்களுக்கு அந்த முகங்களைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தாய் ஏன் முதலில் குடிக்கிறாள் என்று எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிச் சிறுமி ஆசிரியையைக் கேட்டாள் என்பது வரை எனக்கு ஸ்பானியம் புரிந்தது. பதில் வேகமாக இருந்ததால் புரியவில்லை.

அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் உறங்கினேன். ஒன்பது மணிக்கு எல் ரின்கொன்சீயோ. 1670-இல் தொடங்கியதாகச் சொல்லும் கடை. முரீயோவும் வால்தேஸ் லெயாலும் கரிதாத்தில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. கூரையிலிருந்து பன்றித் தொடைகள் தொங்குகின்றன, அவற்றின் கீழே சைவம் உண்பவள் இடம்பிடிப்பதில் எனக்கே சற்றுச் சிரிப்பு. ஆனால் இன்று தவக்காலத்து வெள்ளி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் தெருவின் கறிக்கடை வாசல் காலியாகக் கிடப்பது போல இங்கே முழுதாக நடப்பதில்லை; இருந்தும் பழைய நோன்பு உணவுகள் இந்த நாள்களில் எல்லாக் கடையிலும் முன்னுக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் முதலாவது கீரையும் கொண்டைக்கடலையும், எஸ்பினாகாஸ் கொன் கர்பான்சோஸ்.

நாட்குறிப்பில் ஒரு பண்டத்துக்கு இத்தனை வரி கொடுப்பது இதுவே முதல் முறை. பூண்டும் ரொட்டித் துண்டும் எண்ணெயில் வறுத்து, சீரகத்தோடு சேர்த்து இடித்து, சிறிது காடி விட்டு, அந்த விழுதில் பசலைக் கீரையையும் வெந்த கடலையையும் நீர் வற்றும்வரை புரட்டுகிறார்கள். மிளகாய்ப்பொடியின் சிவப்பு உண்டு, காரம் கிடையாது. சீரகம் நெடியாக எழுந்து வந்த கணத்தில், ஆறு நாளாக எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. இரண்டாவது தட்டும் கேட்டேன். முடிவில் தொர்ரிஹா ஒன்று: ரொட்டித் துண்டைப் பாலில் ஊறவைத்து, முட்டையில் தோய்த்துப் பொரித்து, தேனில் அமிழ்த்திய தவக்கால இனிப்பு. நோன்பு நாளின் இனிப்பு மற்ற நாளின் இனிப்பைவிடக் கனமாக இருப்பது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

கணக்கை அவர்கள் தாளில் எழுதுவதில்லை. ஒவ்வொரு தட்டு வரும்போதும் பரிமாறுபவர் காதிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, நம் முன்னாலிருக்கும் மரப்பலகையிலேயே விலையைக் குறிக்கிறார். புறப்படும்போது கூட்டி, காசு வாங்கி, ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுகிறார். என் பெயரில் செவில் நகரத்தில் இருந்த ஒரே எழுத்து அதுதான், புகைப்படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடுவதற்குள் பலகை காய்ந்துவிட்டது.

பதினொரு மணிக்குத் திரும்பும் வழியில், சந்தின் முனையில் கூட்டம். புனித வாரத்து ஊர்வலத்துக்கான ஒத்திகை. சுரூபமோ பூவோ இல்லாத வெறும் மரச்சட்டம் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நிற்க, அதன்மேல் சுரூபத்தின் எடைக்கு ஈடாக மூட்டைகள் ஏற்றியிருந்தன. உள்ளே முப்பதுக்குமேற்பட்ட கால்கள் மட்டும் தெரிந்தன. நம் கோயில்களில் சுவாமியைச் சுமக்கும் சீர்பாதம் தாங்குவோர் போலத் தோளில் சுமப்பதில்லை இவர்கள். தலையில் சுற்றிய துணியின் கீழே, பிடரியில் தாங்குகிறார்கள். முன்னால் நின்றவர் சட்டத்திலிருந்த இரும்புத் தட்டியை ஒருமுறை அடித்தார், கால்கள் மடங்கின. மீண்டும் அடித்தார், அத்தனை எடையும் ஒரே குதியில் மேலெழுந்து, பிறகு அங்குலம் அங்குலமாக முன்னேறத் தொடங்கியது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் அகலம்தான். நான் ஒரு கடையின் மூடிய கதவோடு ஒட்டிக்கொண்டு, தோளருகே மூட்டைகள் கடந்து போகும் வரை நின்றேன்.

நாளைக் காலை ஒன்பதரை ரயிலில் கோர்தோபா.